குதிகாலில் ஒரு முள்!

டோக்கியோ நகரம். 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி.

ஒலிம்பிக் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. 2020-ல் நடந்திருக்க வேண்டிய பந்தயம் அது. கொரோனா நோய் பரவியதால் ஓர் ஆண்டு தள்ளிப்போயிற்று.

அன்று பெண்களுக்கான 'ஐந்து விளையாட்டு'ப் போட்டி. வாள் சண்டை, நீச்சல், குதிரைச் சவாரி, ஓட்டம், துப்பாக்கி சுடுதல் ஆகிய ஐந்தையும் ஒருவரே செய்ய வேண்டும். ஜெர்மனி நாட்டு வீராங்கனை அன்னிகா ஷ்லோய், வாள் சண்டையும் நீச்சலும் முடிந்தபோது முதல் இடத்தில் நின்றார். தங்கப் பதக்கம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

அடுத்தது குதிரை.

இந்தப் போட்டியில் சொந்தக் குதிரையில் ஏற முடியாது. சீட்டுப் போட்டு எந்தக் குதிரை விழுகிறதோ அதில்தான் ஏற வேண்டும். அதனுடன் பழகிக்கொள்ள 20 நிமிஷம் கொடுப்பார்கள். அவ்வளவுதான். அன்னிகாவுக்கு விழுந்த குதிரையின் பெயர் 'செயின்ட் பாய்'. சற்று முன்புதான் வேறொரு வீராங்கனையிடம் தடைகளைத் தாண்ட மறுத்து முரண்டு பிடித்திருந்தது அந்தக் குதிரை.

மணி அடித்தது. குதிரை நகரவில்லை.

வீராங்கனையின் கையில் சவுக்கு இருந்தது. குதிகாலில் முள் இருந்தது. இரண்டையும் உபயோகித்தார். குதிரை முன்னால் போவதற்குப் பதில் பின்னால் போயிற்று. சுற்றிச் சுற்றி வந்தது. அவர் கண்களில் நீர் பெருகிற்று. வேலிக்கு வெளியே நின்ற பயிற்சியாளர், "அடி, நன்றாக அடி" என்ற பொருள்படக் கத்தினார். கையை நீட்டிக் குதிரையை ஒரு குத்தும் குத்தினார். உலகம் முழுவதும் இதை டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் குதிரை கிளம்பிற்று. சில தடைகளைத் தாண்டிற்று. பிறகு மறுபடியும் நின்றுவிட்டது. சவாரிக்குக் கிடைத்த மதிப்பெண் பூஜ்யம். முதல் இடத்தில் இருந்தவர் 31-வது இடத்துக்குப் போனார். பயிற்சியாளர் அந்த ஒலிம்பிக்கில் மேற்கொண்டு பணியாற்றத் தடை விதிக்கப்பட்டது.

கதை அதோடு முடியவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் போட்டியில் இருந்துவந்த குதிரைச் சவாரியையே எடுத்துவிட முடிவு செய்தார்கள். 2024-ல் பாரிஸில் நடந்ததுதான் கடைசி. 2028-ல் லாஸ் ஏஞ்செல்ஸ் ஒலிம்பிக்கில் குதிரைக்குப் பதில், சுவர் ஏறிக் கம்பி தாவும் தடை ஓட்டம் வருகிறது.

அந்தப் பெண்ணைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஐந்து ஆண்டு உழைப்பு கண் முன்னால் கரைந்துபோகும்போது யாருக்குத்தான் நிதானம் இருக்கும்? ஆனால் ஒரு கேள்வி மட்டும் விடவில்லை. அன்று அவர் காலில் இருந்த முள் ஏன் பலிக்கவில்லை? குதிரையை ஓட்டுவதற்குத்தானே முள்?

இல்லை என்கிறார்கள், குதிரை பழக்கும் கலையை அறிந்தவர்கள்.

தார்க்குச்சியின் தம்பி

முள் என்றதும் கருவேல முள்ளைப் போல எண்ணிவிட வேண்டாம். இதற்குக் 'குதிமுள்' என்று பெயர். உலோகத்தினால் ஆனது. குதிரைலாடத்தைச் சிறிதாக்கினால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி ஒரு வளையம். அது பூட்ஸின் குதிகாலைப் பின்பக்கமாகக் கவ்விக்கொண்டிருக்கும். ஒரு தோல் வார் அதைப் பாதத்தோடு சேர்த்துக் கட்டும். வளையத்தின் நடுவிலிருந்து பின்புறமாக ஒரு சிறு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்டின் நுனிதான் குதிரையின் விலாவில் படும்.

நம் ஊர் மாட்டு வண்டிக்காரர் கையில் வைத்திருப்பாரே தார்க்குச்சி, அதற்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தார்க்குச்சி கையில் இருக்கிறது. வேண்டாம் என்றால் வண்டியில் செருகிவைத்துவிடலாம். குதிமுள் காலோடு கட்டியது. சவாரி முடியும்வரை அது குதிரையின் விலாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். கால் தவறினால் முள்ளும் தவறும்.

நுனியில் பல தினுசு உண்டு. சிலவற்றில் நுனி மழுங்கிய கட்டைபோல இருக்கும். சிலவற்றில் சிறு உருண்டை இருக்கும். சிலவற்றில் பல்சக்கரம் ஒன்று சுழலும். பல்சக்கரத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் பல் அதிகமாக இருந்தால்தான் நல்லது. நாலே நாலு கூரான பல் இருந்தால் ஒவ்வொன்றும் ஊசியாகக் குத்தும். நெருக்கமாகப் பல மழுங்கிய பற்கள் இருந்தால் அழுத்தம் பரவிவிடும். சக்கரம் உருண்டு போய்விடும்.

தண்டு நீளமாக இருந்தால் கொடுமை என்றும் சொல்வதற்கில்லை. கால் நீண்ட ஓர் ஆள் குட்டையான குதிரையில் ஏறினால் அவர் குதிகால் குதிரையின் வயிற்றுக்குக் கீழே தொங்கும். குட்டை முள்ளாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் காலை மேலே இழுத்துத் தொட வேண்டும். நீண்ட தண்டு இருந்தால் காலை அசைக்காமலே தொடலாம்.

ஈ உட்கார்ந்தால் தெரியும்

குதிரையின் மேல் ஓர் ஈ வந்து உட்காரட்டும். அந்த இடத்துத் தோல் மட்டும் வெடுக்கென்று துடிக்கும். ஈ பறந்துவிடும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். இத்தனை பெரிய உடம்புக்கு ஓர் ஈயின் கால் பட்டது தெரிகிறது!

"குதிரைக்குத் தோல் தடிப்பு, அதற்கு வலிக்காது" என்று சொல்லி வந்தவர்கள் உண்டு. 2020-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் மனிதத் தோலையும் குதிரைத் தோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நுண்நோக்கியில் பார்த்தார்கள். வலியை உணரும் நரம்பு நுனிகள் இருக்கும் மேல்தோலில் மனிதனுக்கும் குதிரைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டார்கள். அவர்கள் சோதித்தது, பந்தயத்தில் சவுக்கடி விழும் பின்தொடைத் தோலை. விலா அதைவிட உறைப்பு குறைந்த இடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நாய்க்கு அடிபட்டால் ஊளையிடும். குதிரைக்கு அந்த வழக்கம் இல்லை. காட்டில் புலியும் ஓநாயும் துரத்த வாழ்ந்த இனம் அது. வலியை வாய்விட்டுச் சொன்னால் ஆபத்து. ஆகவே சத்தம் போடாது. காதைப் பின்னால் மடக்கும். வாலை விசிறும். உடம்பை விறைக்கும். இதைப் படிக்கத் தெரியாதவன் முதுகில் உட்கார்ந்தால், "குதிரை சும்மாதானே இருக்கிறது" என்று நினைத்துக்கொள்வான்.

முதலில் கெண்டைக்கால்

குதிரைக்கும் சவாரிக்காரருக்கும் ஒரு பாஷை உண்டு. உட்காரும் விதம், லகானைப் பிடிக்கும் கை, குரல், கால் ஆகியவைதான் அந்தப் பாஷையின் எழுத்துக்கள். இவற்றில் கால் பேசுவதே அதிகம்.

இரண்டு கெண்டைக்காலையும் மெல்ல அழுத்தினால், "முன்னே போ" என்று அர்த்தம். இடது காலைக் கொஞ்சம் பின்னால் தள்ளி அழுத்தினால், "உன் பின்பாகத்தை வலப்பக்கம் நகர்த்து" என்று அர்த்தம். அழுத்தம் வந்தால் விலகிக்கொள்ள வேண்டும் என்று இளங்குதிரைக்கு முதலில் சொல்லித் தருகிறார்கள். அது விலகியதும் காலைத் தளர்த்திவிடுகிறார்கள். குதிரை பாடம் கற்பது அழுத்தும்போது அல்ல, தளர்த்தும்போது! "ஓகோ, இப்படிச் செய்தால் அந்தத் தொந்தரவு நிற்கிறது" என்று அது தெரிந்துகொள்கிறது. தளர்த்த மறந்தவன் பாடமே நடத்தவில்லை என்று பொருள்.

சில சமயம் குதிரை கவனிக்காது. எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். அப்போதுதான் முள்ளுக்கு வேலை. அதற்கும் ஒரு முறை உண்டு.

முதலில் கெண்டைக்காலால் கேட்க வேண்டும். பதில் இல்லையா? இன்னொரு தடவை சற்று அழுத்திக் கேட்க வேண்டும். அப்போதும் இல்லையா? குதிகாலை லேசாகத் திருப்பி முள்ளின் நுனியால் ஒரு தொடுதல். தொட்ட உடனே எடுத்துவிட வேண்டும். குதிரை "ஓ, என்னையா கேட்டாய்?" என்று முன்னே போகும். போனதும் தட்டிக்கொடுக்க வேண்டும்.

பலர் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். முக்கியமானதே இதற்குப் பிறகுதான் வருகிறது. உடனே மறுபடியும் வெறும் கெண்டைக்காலால் கேட்க வேண்டும். இந்தத் தடவை குதிரை முதல் அழுத்தத்துக்கே போனால், முள் தன் வேலையைச் செய்துவிட்டது. முள்ளுக்கு வேலை இல்லாமல் செய்வதுதான் முள்ளின் வேலை!

நன்றாகப் பழகிய குதிரைக்கு முள்ளால் வேறொரு உபயோகம் உண்டு. ஆளை அழைக்க முழுக்கையால் தோளைத் தட்டலாம். ஒரு விரலாலும் தொடலாம். விரலால் தொட்டால் எந்த இடம் என்று துல்லியமாகத் தெரியும். கெண்டைக்கால் முழுக்கை, முள் ஒற்றை விரல். குதிரை பக்கவாட்டில் கால் மாற்றிப் போவது, நின்ற இடத்திலேயே தாளம் போடுவதுபோலக் காலெடுத்து வைப்பது ஆகிய நுட்பமான நடைகளில் இந்த ஒற்றை விரல் உதவுகிறது. பார்க்கிறவர்களுக்குச் சவாரிக்காரரின் கால் அசைந்ததே தெரியாது.

கால் ஆடினால் வந்தது வினை

அப்படியானால் கற்றுக்கொள்ள வந்தவுடனே முள்ளைக் கட்டிக்கொள்ளலாமா? கூடவே கூடாது.

புதிதாக ஏறுகிறவருக்குக் கால் தன் வசத்தில் இருக்காது. குதிரை துள்ளு நடை போட்டால் கால் ஊஞ்சல்போல ஆடும். விழுந்துவிடுவோமோ என்ற பயம் வந்தால் மனிதன் என்ன செய்வான்? கையில் அகப்பட்டதைப் பிடிப்பான். காலால் இறுக்கிக் கட்டிக்கொள்வான். முழங்கால் திரும்பி, கால் விரல்கள் வெளிப்பக்கம் பார்க்கும். குதிகால் குதிரையின் விலாவுக்குள் அமுங்கும். அந்தக் குதிகாலில் முள் இருந்தால்?

குதிரைக்குத் தெரிந்த பாஷையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: "போ, இன்னும் வேகமாகப் போ!"

குதிரை வேகமெடுக்கும். ஆள் மேலும் பயப்படுவார். மேலும் இறுக்குவார். முள் மேலும் அழுந்தும். குதிரை நாலுகால் பாய்ச்சலில் பறக்கும். கூடவே லகானையும் இழுத்துப் பிடித்திருப்பார். கால் "போ" என்கிறது. கை "நில்" என்கிறது. பாவம், அந்தப் பிராணி எதைக் கேட்கும்? முன்னங்காலைத் தூக்கி நிற்கும். அல்லது முதுகை வளைத்து உதறிவிடும். குதிரையைத்தான் எல்லோரும் திட்டுவார்கள்.

இதற்கு நேர்மாறான கெடுதல் ஒன்றும் உண்டு. அது சத்தமில்லாமல் வரும். ஒவ்வொரு அடிக்கும் முள்ளால் இடித்துக்கொண்டே போகிற ஆள் இருக்கிறார். குதிரை முதல் நாள் துடிக்கும். பத்தாம் நாள் பொறுத்துக்கொள்ளும். பிறகு கேட்பதையே விட்டுவிடும். விலா மரத்துப்போயிற்று என்பார்கள். மரத்தது விலா அல்ல, குதிரையின் மனசு. ஒரு தாய் நாள் முழுக்க, "டேய், டேய்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் பையன் திரும்பிப் பார்ப்பானா?

சில வருஷங்களுக்கு முன் ஊட்டி ஏரிக்கரையில் வாடகைக் குதிரை ஒன்றில் ஏறினேன். சினிமாவில் பார்த்தபடி இரண்டு குதிகாலாலும் ஓங்கி உதைத்தேன். குதிரை ஒரு புல்லைக் கடித்தது. இன்னும் இரண்டு உதை கொடுத்தேன். இன்னொரு புல்லைக் கடித்தது.

"அண்ணே, நகரவே மாட்டேங்குதே!" என்றேன் குதிரைக்காரரிடம்.

"உதைக்காதீங்க சார். காலையிலேருந்து எத்தனை பேர் உதைச்ச வயிறு அது! காலைச் சும்மா வச்சுக்கிட்டு உக்காருங்க" என்றார் அவர். பிறகு நாக்கால் ஒரு சத்தம் போட்டார். குதிரை நடந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

கடிவாளமும் இல்லை, அங்கவடியும் இல்லை!

ஆஸ்திரியா நாட்டுத் தலைநகர் வியன்னா. அங்கே அரண்மனையை ஒட்டி ஒரு குதிரைப் பள்ளிக்கூடம் இருக்கிறது. 'ஸ்பானிய சவாரிப் பள்ளி' என்று பெயர். 1572 முதல் அதன் சரித்திரம் தொடங்குகிறது. இப்போதுள்ள சவாரி மண்டபத்தை 1735-ல் கட்டி முடித்தார்கள். உள்ளே வெள்ளைத் தூண்கள், பளிங்கு விளக்குகள்! கல்யாண மண்டபம் என்றே நினைக்கத் தோன்றும். வெள்ளை நிற லிப்பிசானர் குதிரைகள் அங்கே இசைக்கு ஏற்பக் காலெடுத்து வைக்கின்றன. மண்டபத்தைக் கட்டிய 6-ம் சார்லஸ் சக்கரவர்த்தியின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. சவாரிக்காரர்கள் உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றி அந்தப் படத்துக்கு வணக்கம் செலுத்துவது இன்றும் நடக்கிறது.

அங்கே சேரும் மாணவனுக்கு முதலில் என்ன கற்பிக்கிறார்கள் தெரியுமா? உட்காருவதற்கு!

குதிரையை நீண்ட கயிற்றில் ஆசிரியர் பிடித்துக்கொள்கிறார். குதிரை வட்டமாகச் சுற்றி வரும். மாணவன் கையில் லகான் இல்லை. காலுக்கு அங்கவடி இல்லை. மாதக்கணக்கில் இப்படியே போகும். எதையும் பிடிக்காமல், காலால் இறுக்காமல், குதிரையின் அசைவோடு ஒட்டி உட்காரப் பழகிய பிறகுதான் மற்றவை. முழுச் சவாரிக்காரர் என்ற பட்டம் பெறப் பத்து ஆண்டு அளவில் ஆகிவிடும். காலுக்கு முள் கட்டும் முன்பு, காலை அடக்கி வைக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்பது பழைய ஆசான்களின் முறை. டாக்டர் படிப்பில் சேர்ந்த அன்றே கத்தியைக் கையில் கொடுப்பதில்லை அல்லவா?

தங்க முள் கட்டியவர்கள்

'முள்ளைச் சம்பாதிக்க வேண்டும்' என்ற இந்த எண்ணம் புதிதல்ல. ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகளாக இருந்துவந்தது.

சொல்லப்போனால், முள் அங்கவடியைவிட மூத்தது. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் செனோபன் என்றொரு போர்வீரர் இருந்தார். குதிரை பழக்குவதைப் பற்றி நூல் எழுதியவர். அந்த நூலில் முள் வருகிறது, அங்கவடி வரவில்லை! அது ஐரோப்பாவுக்கு வந்து சேர மேலும் ஆயிரம் ஆண்டு ஆயிற்று. கட்டாயத்தால் செய்விக்கும் எதையும் குதிரை புரிந்துகொண்டு செய்வதில்லை, அதில் அழகும் இருப்பதில்லை என்பது செனோபனின் கருத்து. அடித்து ஆடவைக்கும் நடனக்காரரை அதற்கு உவமை காட்டுகிறார். டோக்கியோவில் அவர் இருந்திருந்தால்!

பிறகு இரும்புக் கவசம் பூண்ட பிரபு வீரர்களின் காலம் வந்தது. ஒருவனை வீரப் பட்டம் சூட்டிப் பிரபுவாக்கும்போது அவன் காலில் தங்க முலாம் பூசிய முள்ளைக் கட்டுவார்கள். 1346-ல் பிரான்சில் கிரெசி என்ற இடத்தில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் பெரும் சண்டை. இங்கிலாந்து மன்னர் 3-ம் எட்வர்டின் மகனுக்கு அப்போது வயது 16. அவன் பகுதியில் எதிரிகள் நெருக்கினார்கள். உதவிப் படை கேட்டு மன்னரிடம் ஆள் ஓடிவந்தான். மகன் உயிரோடு இருக்கிறானா, காயம்பட்டானா என்று கேட்டார் மன்னர். உயிரோடுதான் இருக்கிறான் என்று தெரிந்தது. உதவி அனுப்ப மறுத்துவிட்டார். இன்று அவன் தன் முள்ளைத் தானே சம்பாதித்துக்கொள்ளட்டும் என்று சொல்லியனுப்பியதாக அக்காலச் சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார். திறமையைக் காட்டிப் பெயர் வாங்குவதை, 'முள்ளைச் சம்பாதிப்பது' என்று ஆங்கிலேயர் இன்றும் சொல்கிறார்கள்.

கொடுத்ததைப் பறிப்பதும் உண்டு. ஆண்ட்ரூ ஹார்க்லே என்பவர் இங்கிலாந்து மன்னருக்காக ஒரு போரில் வென்று பிரபுப் பட்டம் பெற்றார். மறு ஆண்டே, மன்னரைக் கேட்காமல் ஸ்காட்லாந்துடன் உடன்படிக்கை செய்தார் என்று ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. 1323-ல் அவரைக் கொல்லுமுன், குதிகாலிலிருந்த முள்ளை வெட்டி எறிந்தார்கள். உயிர் போவதற்கு முன் மானம் போக வேண்டும் என்பது அதன் பொருள்.

எல்லாவற்றிலும் பெரிய கதை கோர்ட்ரைக் நகரத்தினுடையது. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கிறது அது. 1302-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி. பிரெஞ்சு மன்னரின் குதிரைப்படை அங்கே வந்து நின்றது. ஐரோப்பாவிலேயே பேர் பெற்ற படை. எதிரே நின்றவர்கள் யார்? நெசவாளிகள், கசாப்புக்காரர்கள், இன்னும் பல தொழிலாளிகள். அவர்களிடம் குதிரை இல்லை. ஈட்டியும், நுனியில் இரும்பு முனை பொருத்திய தடியும் ஏந்தித் தரையில் நின்றார்கள். இடையில் ஓடைகள், சேற்று நிலம்.

பிரபுக்கள் தங்க முள்ளால் குதிரைகளைக் குத்தி விரட்டினார்கள். குதிரைகள் ஓடையில் தடுமாறின. சேற்றில் அழுந்தின. கரையேறியவை ஈட்டி வேலியைக் கண்டு மிரண்டன. எந்த முள்ளுக்கும் அவை நகரவில்லை. படைத் தலைவர் ராபர்ட் உட்படப் பெரும் பிரபுக்கள் அங்கே மாண்டார்கள்.

சண்டை ஓய்ந்ததும் நெசவாளிகள் களத்தில் கிடந்த தங்க முட்களைப் பொறுக்கினார்கள். சுமார் 500 ஜோடி! அவற்றைக் கொண்டுபோய் ஊர் மாதா கோவிலில் தொங்கவிட்டார்கள். 'தங்க முள் போர்' என்று அதற்குப் பெயர் வந்தது. 80 ஆண்டு கழித்து, 1382-ல், பிரெஞ்சுப் படை மறுபடியும் வந்தது. வேறொரு போரில் வென்று, அந்த ஊரைச் சூறையாடி, முட்களை எடுத்துக்கொண்டு போயிற்று. அவமானத்தை 80 ஆண்டு மறக்கவில்லை பாருங்கள்! ஆனால் ஜூலை 11 இன்றும் அந்தப் பகுதி மக்களுக்குத் திருநாள்.

மாடு மேய்ப்பவர் காலில்

சினிமாவில் அமெரிக்க 'கௌபாய்' வருவார். அவர் நடந்தால் கால் ஜல்ஜல் என்று சத்தமிடும். அதுவும் குதிமுள்தான். ஸ்பானியர்கள் கடல் தாண்டிக் கொண்டுபோன வழக்கம் அது. பெரிய பல்சக்கரம்; பக்கத்தில் சிறு உலோகத் துண்டுகள் தொங்கும். அவைதான் ஒலிக்கின்றன.

அவருக்கு முள் அலங்காரம் மட்டுமல்ல. ஒரு கையில் சுருக்குக் கயிறு. மற்றொரு கையில் லகான். ஓடுகிற மாட்டை மடக்க வேண்டும். குதிரைக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் காலால்தான் சொல்ல வேண்டும். கெட்டிக்காரக் கௌபாய்கள் புது முள் வாங்கியதும் பல்லின் கூரை அரத்தால் ராவி மழுக்கிவிடுவார்களாம். குதிரை புண்பட்டால் நாளைக்கு யார் மாடு மடக்குவது?

ஒரு சிறு ரத்தப் பொட்டு

இன்றைய போட்டிகளில் முள்ளுக்குச் சட்டதிட்டம் நிறைய. நுனி கூராக இருக்கக் கூடாது. நீளத்துக்கும் வரம்பு உண்டு. நடைப் போட்டியில் குதிரையின் உடம்பில் புது ரத்தம் தெரிந்தால் நடுவர் சவாரியையே நிறுத்திவிடுவார்.

2015 டிசம்பரில் லண்டன் ஒலிம்பியா அரங்கத்தில் தடை தாண்டும் போட்டி நடந்தது. அயர்லாந்து வீரர் பெர்ட்ரம் ஆலன் முதலில் வந்தார். வயது 20தான். கூட்டம் கை தட்டிற்று. வழக்கப்படி போட்டி முடிந்ததும் குதிரையைப் பரிசோதித்தார்கள். விலாவில் சிறிதளவு ரத்தம். முள் உராய்ந்த இடம்.

பரிசு போயிற்று!

அவர் வேண்டுமென்று குத்தினார் என்று யாரும் சொல்லவில்லை. வேகமாகத் திரும்பும்போது எவருக்கும் நேரக்கூடிய உராய்வு என்று அவருக்காகப் பரிந்து பேசியவர்கள் பலர். அவரும் மேல்முறையீடு செய்தார். தீர்ப்பு மாறவில்லை. வேண்டுமென்றே செய்ததா, தெரியாமல் பட்டதா என்று அப்போதிருந்த விதி கேட்கவில்லை. விலாவில் ரத்தம் இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் கேட்டது.

அந்த விதி மிகக் கடுமை என்று சிலர் சொல்கிறார்கள். முள்ளே வேண்டாம், தடை செய்யுங்கள் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எனக்கு இரண்டிலும் முழுச் சம்மதம் இல்லை. முரட்டுக் குதிகாலுக்கு முள் இல்லாவிட்டால் சவுக்கு. சவுக்கு இல்லாவிட்டால் வெறும் உதை. ஆனால் விதியைத் தளர்த்த வேண்டும் என்பவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. குதிரைக்குப் புகார் செய்ய வாய் ஏது? அந்த ரத்தப் பொட்டு ஒன்றுதான் அது எழுதிக்கொடுக்கும் மனு.

நல்ல லாயங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் குதிரையைக் கட்டிவிட்டுப் போய்விட மாட்டார்கள். முள் பட்ட இடத்தில், முடி படிந்திருக்கும் திசைக்கு எதிராக உள்ளங்கையால் மெல்லத் தடவிப் பார்ப்பார்கள். முடி ஒடிந்திருக்கிறதா, தோல் சூடாக இருக்கிறதா, தொட்டால் குதிரை விலகுகிறதா என்று கவனிப்பார்கள். ஏதாவது தென்பட்டால், மறுநாள் அந்தச் சவாரிக்காரர் முள்ளைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெறும் காலோடு ஏற வேண்டும்.